எபிரேய மொழியில் உளநல வினாக்கொத்துக்கள்: தழுவற் பிரச்சினை பற்றிய ஒரு நோக்கு

உளநலத்தை அளவிடுவதற்கு இன்று உலகெங்கும் கையாளப்படும் வினாக்கொத்துக்களுட் பல ஆங்கிலத்திற் பிறந்தவை. 1961 இல் ஐக்கிய அமெரிக்காவில் பெக்கும் அவர்தம் சகாக்களும் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோல், 1972 இல் இங்கிலாந்தில் கோல்ட்பேர்க் அமைத்த பொதுச் சுகாதார வினாக்கொத்து, 1977 இல் ரட்லொவ் வெளியிட்ட 20 கூற்றுக்கள் கொண்ட அளவுகோல், 1983 இல் சிக்மண்ட், சினெய்த் ஆகிய இருவரும் மருத்துவமனை நோயாளருக்கென ஆக்கிய 14 கூற்றுக்கள் கொண்ட அளவுகோல் ஆகியன இவற்றுட் குறிப்பிடத்தக்கன. இவை எபிரேயத்திற் பெயர்க்கப்பட்டு இஸ்ரேலில் ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் பயன்பட்டு வருகின்றன. ஒரு மொழியினர்க்கென எழுந்த கருவி இன்னொரு மொழியினரின் துயரை அளக்கும்போது அளக்கப்படுவது யாது என்பதே நாம் ஈண்டு எழுப்பும் வினா. எபிரேயத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பல நூற்றாண்டுகளாக வழிபாட்டுக்கும் கல்விக்கும் உரியதாயிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிதொட்டு மீளவும் பேச்சுமொழியாக்கப்பட்ட மொழி அது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோரின் பொதுமொழியும் அதுவே. ஆகவே, பிற மொழிகளில் மறைந்துகிடக்கும் இடர்ப்பாடுகள் அங்கு வெளிப்படையாகத் தெரிகின்றன.

பெயர்ப்பின் செம்மையைச் சோதிப்பதற்கு வழக்கிலுள்ள முறை மீள்மொழிபெயர்ப்பு ஆகும். 1970 இல் பிரிஸ்லின் இதனை முறைப்படுத்தி எழுதினார். ஒருவர் ஆங்கில வினாவை எபிரேயத்திற் பெயர்ப்பார். மூலத்தைக் காணாத வேறொருவர் அதனை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொணர்வார். இரு ஆங்கில வடிவங்களும் ஒத்திருப்பின் பெயர்ப்பு ஏற்கப்படும். வெளிப்படையான பிழைகளைக் களைவதற்கு இம்முறை உதவும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதன் எல்லையை ஓர் உதாரணம் காட்டும். சிக்மண்ட், சினெய்த் அளவுகோலின் ஒரு கூற்று, அச்சவுணர்வை வயிற்றினுள் வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதாக வருணிக்கும் ஆங்கில மரபுத்தொடரை ஆளுகிறது. அத்தொடர் எபிரேயத்திலும் சொல்லுக்குச் சொல் உண்டு. ஆனால் அங்கு அது பெரும்பாலும் காதல்வயப்பட்டோரின் இன்பக் கிளர்ச்சியைக் குறிக்கும். நேரே பெயர்த்தால், மீள்மொழிபெயர்ப்பில் அது குற்றமின்றித் தேறிவிடும். விடையளிப்பவரோ அச்சத்தை விடுத்து வேறொன்றை எண்ணி விடையளிப்பார். எனவே, இம்முறை சோதிப்பது இருமொழிப் புலமையுடைய இருவருக்கிடையிலான உடன்பாட்டையே எனலாம். ஆங்கில மரபை எபிரேயத்துக்கூடாகவும் இனங்காணவல்ல கல்வி அவர்களுக்கு உண்டு. விடையளிக்கவேண்டிய தொழிலாளிக்கோ முதியவளுக்கோ அவ்வாய்ப்பில்லை.

தனிச்சொற்களின் நிலையும் இதுவே. பதகளிப்பைக் குறிக்க எபிரேய உளவியல் ஆளும் சொல் ‘ஹராடா’. விவிலிய வழக்கில் இதன் வேர் நடுக்கத்தைக் குறிக்கும். இறைவன் வாக்கின்முன் நடுங்குவோர் என்ற பொருளில் கடும் வைதிக யூதர் தம்மை ‘ஹரேடிம்’ என அழைப்பதும் இவ்வேரிலிருந்தே. அது மட்டுமன்று, குண்டுவீச்சுக்களின் பின்னர், உடற்காயமின்றி அதிர்ச்சியுற்று மருத்துவமனை சேர்வோரைச் செய்தித்தாள்கள் ‘ஹராடா’வால் தாக்குண்டோர் எனக் கணக்கிடுகின்றன. பக்தியும் போரும் படிந்த இச்சொல், ஆங்கிலச் சொல்லிலும் கனமானது. இதற்குப் பதிலாக அன்றாடக் கவலையைக் குறிக்கும் ‘டஆகா’ என்ற சொல்லை ஆண்டால் வினா எளிதாகும். ஆம் என்போர் தொகை கூடவும் இடமுண்டு. இரண்டும் அகராதிக்கு உடன்பாடானவை. அளவு மட்டும் வேறுபடும். ‘மெடுக்கா’ என்ற சொல் இன்னும் சிந்தனைக்குரியது. மனச்சோர்வுற்ற தனிமனிதனையும் ஒடுக்கப்பட்ட மக்களையும் அவ்வொரு சொல்லே சுட்டும். மொழி ஒன்றாக வைத்துள்ள இவ்விரு பொருள்களுள் ஒன்றையே வினாக்கொத்து கேட்கிறது; மற்றையது விடைத்தாளில் இடம்பெறுவதில்லை.

சொல்லைக் கடந்து இலக்கணத்துக்கு வருமிடத்துப் பிரச்சினை மேலும் கூர்மையடைகிறது. எபிரேயத்தில் நிகழ்கால வினை, பேசுவோனின் பாலையும் உணர்த்தும். நான் உணர்கிறேன் என்பதை ஆண் ‘மர்கிஷ்’ என்றும் பெண் ‘மர்கிஷா’ என்றும் கூறவேண்டும். பெயரடைகளும் அவ்வாறே. ஆண்பால் வடிவத்தைப் பொதுவடிவமாகக் கொள்வது நெடுநாள் வழக்கு. அதன்படி, களைப்பையும் தனிமையையும் பற்றிய கூற்றுக்களை ஒரு பெண் ஆணின் வாய்மொழியாகப் படித்து, அது தனக்குப் பொருந்துமா எனத் தீர்மானிக்க வேண்டியவளாகிறாள். இது வெறும் மரியாதைப் பிரச்சினையன்று. எபிரேயத்தில் ஆண்பாலில் விளிக்கப்படும்போது பெண்களின் கணிதத் தேர்வுப் பெறுபேறு குன்றுவதை 2021 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. கணக்கையே பாதிக்கும் இலக்கணம், தன்னைப்பற்றிய கூற்றைப் பாதிக்காதெனக் கொள்வது எங்ஙனம்? இறந்தகாலத்தை ஆளுதல் ஒரு வழி. தன்மை இறந்தகால வினை பால் காட்டாது. எனினும் அதனோடு வரும் பெயரடை பால் காட்டிவிடும். முன்னிலையிலோ ஒரு வேடிக்கை உண்டு. நீ உணர்ந்தாய் என்பது உயிர்க்குறி இல்லா எழுத்தில் இரு பாலுக்கும் ஒன்றே. வாய்விட்டு வாசிக்கும்போது இரண்டாகப் பிரியும். ஆகவே, எழுதி நிரப்பும் படிவமும் நேர்முகமாகக் கேட்கும் படிவமும் ஒரே வினாக்கொத்தெனக் கொள்ளமுடியாது. ஆண், பெண் இருபாலார்க்கும் தனித்தனிப் படிவம் அச்சிடுவதே நேர்மையான வழியென்பது எமது கருத்து.

இனி, எபிரேயம் பேசுவோர் என்போர் யாவர்? இஸ்ரேலின் மத்திய புள்ளிவிபரப் பணியகம் 2011 இல் நடத்திய சமூக ஆய்வின்படி, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 49 பேருக்கே எபிரேயம் தாய்மொழி. ஏனையோர் அரபு, ரஷ்யம், பிரெஞ்சு, இத்திஷ் எனப் பல மொழிகளில் வளர்ந்தவர்கள். துயரை உரைக்கும் முறையை மனிதன் கற்பது குழந்தைப் பருவ மொழியிலன்றோ? ஈரானிலிருந்து வந்த யூதர் தம் மனவேதனையை உடல்நோவாகக் கூறியபோது, மருத்துவரிடையே ‘பார்சிற்றிஸ்’ என்றொரு ஏளனப்பெயர் வழங்கியமையைக் கரென் பிளிஸ்கின் 1987 இல் வெளியிட்ட நூல் ஆராய்கிறது. அம்மக்கள் தம் மரபில் தெளிவாகவே பேசினர். விளங்கிக்கொள்ளாத தரப்பு அதனை நோயென்றது. 2003–2004 இல் 4,859 பேரிடம் நிகழ்ந்த தேசிய ஆய்வு எபிரேயம், அரபு, ரஷ்யம் ஆகிய மும்மொழிகளில் நடத்தப்பட்டமையும், உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாக்கொத்தொன்றை எத்தியோப்பிய மக்களுக்கெனத் தழுவிய முயற்சி 2008 இல் வெளிவந்தமையும் இத்துறையில் ஏற்பட்ட நல்ல திருப்பங்களாகும்.

இதனோடு இணைந்தது அளவெல்லை பற்றிய பிரச்சினை. ரட்லொவின் அளவுகோலில் 0 முதல் 60 வரையான புள்ளிகளில் 16 ஐ எட்டியோர் மனச்சோர்வுக்கு உள்ளாகியிருக்கலாமெனக் கொள்ளப்படுவர். அவ்வெண் அமெரிக்க மக்களிடையே பெறப்பட்டது. சொல்லும் இலக்கணமும் மாறிய பின்னும் எண் மட்டும் மாறாதிருப்பதற்கு நியாயம் இல்லை. கோல்ட்பேர்க்கின் வினாக்கொத்து, வழமையைவிட மிகுதியா குறைவா என ஒப்பிட்டுக் கேட்பது. வறுமையும் அச்சமும் நெடுங்காலமாக வழமையாகிவிட்டவருக்கு, வழமைபோல என்பதே உண்மையான விடை. அவ்விடைக்கு வழக்கமான கணிப்பில் புள்ளியில்லை. நீடித்த துன்பத்தை நலமெனப் பதிவுசெய்யும் இக்குறை பெயர்ப்பினால் உண்டானதன்று, பெயர்ப்பினால் நீங்குவதுமன்று.

எனினும், அளவிடுதலே வீண் என்பது எமது முடிபன்று. 1992 இல் டோரென்வென்ட், லெவாவ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. ஐரோப்பிய, வடஆபிரிக்கப் பின்னணி கொண்ட 4,914 இளவயதினர் அதில் ஆராயப்பட்டனர். முதலில் அவர்களைச் சலித்தெடுத்து, பின்னர் உளமருத்துவரைக் கொண்டு நோய் நிர்ணயம் செய்தனர். மனப்பிளவு நோயைப் பொறுத்தவரை, நோயே மனிதரைக் கீழ்நிலைக்குத் தள்ளுவது முக்கியமாகலாமென்றும், பெண்களின் மனச்சோர்வைப் பொறுத்தவரை சமூக நிலைமைகளே காரணமாதல் முக்கியமாகலாமென்றும் அவர்கள் கண்டனர். அளவீடு இன்றேல் இவ்வுண்மையை நிறுவ இயலாது. ஆனால் அங்கு வினாக்கொத்தின் எண் இறுதித் தீர்ப்பாகவில்லை என்பதை மறத்தலாகாது.

ஒரு பண்பாட்டின் நோய்வகையைப் பிறிதொன்றின்மீது சுமத்தி, அங்கும் அது உண்டெனக் கண்டுபிடிக்கும் தவறினை 1977 இல் கிளைன்மன் சுட்டிக்காட்டினார். அவரும் குட்டும் பதிப்பித்து 1985 இல் வெளியான தொகுப்பில், நம் நாட்டவரான கணநாத் ஒபயசேகர, வாழ்வு துன்பமயமென்னும் பௌத்த நோக்கு எவ்வாறு மனச்சோர்வாகத் தோற்றக்கூடும் என விளக்கினார். எபிரேய அனுபவம் இவ்விவாதத்துக்குச் சேர்க்கும் பாடம் தெளிவானது. உள்ளொருமை காட்டும் புள்ளிவிபரக் குணகம் உயர்ந்திருப்பது மட்டும் போதாது. எல்லாரும் ஒரே முறையில் பிழையாக விளங்கிக்கொண்டாலும் அக்குணகம் உயரும். விடையளிப்போர் ஒவ்வொரு வினாவையும் எவ்வாறு விளங்கினர் என அவர்களிடமே கேட்டறிதல், குடியேறிய சமூகங்களைத் தனித்தனியே சோதித்தல், அளவெல்லையை உள்ளூரில் மருத்துவ நேர்முகத்தோடு ஒப்பிட்டு நிறுவுதல் ஆகிய மூன்றும் இன்றித் தழுவல் நிறைவுறாது. தமிழில் தன்மை வினை பால் காட்டாது. ஆனால் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரியாமல் நாம் எவரையும் வினவமுடியாது. துயரைப் பற்றிக் கேட்குமுன்னரே, கேட்கப்படுவோரின் சமூக நிலையை எமது வினா அறிவித்துவிடுகிறது. வினாக்கொத்தைத் தமிழாக்குவோர் தம் பணியை அங்கிருந்தே தொடங்கவேண்டும்.