அரை மில்லிமீட்டர் ஆசை

ஞாயிறு விடியும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்குக் கிளம்பும் பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-களுக்கு ஒரு மோகம் பிடித்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றி, இருக்கிற பேக்கிங்கை எடுத்துவிட்டு மெல்லிய செம்புத் தகட்டில் வெட்டிய பேக்கிங்கைப் போட்டு ‘கம்ப்ரஷன் ஏத்துவது’. கேட்டால், “இ20 வந்தாச்சு, ஆக்டேன் 95 ஆயாச்சு, இனி என்ன பயம்?” என்கிறார்கள்.

கம்ப்ரஷன் விகிதம் உயர்ந்தால் அதே பெட்ரோலிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும் என்பது உண்மைதான். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்கு வண்டி தயாரிப்பவர்கள் இதை முறையாகச் செய்கிறார்கள்; அடிக்கடி இன்ஜினைப் பிரித்தும் பார்க்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

சாலை வண்டிக்குக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பழைய கிளாசிக்கின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. கம்பெனி சொல்லும் விகிதம் 8.5:1. அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேலே மிஞ்சும் இடம் சுமார் 46 சிசி. பேக்கிங்கில் அரை மில்லிமீட்டர் குறைத்தால் அதில் 2 சிசிகூட முழுதாகப் போகாது. விகிதம் 8.8 ஆகும். ஏட்டுக் கணக்கில் கிடைக்கும் லாபம் 1 சதவீதத்தை ஒட்டி, 19.8 குதிரைத்திறனில் 0.2. ‘பிக்கப் வந்துடுச்சு’ என்று உணர்வதெல்லாம் அதே வேலையில் கரி சுரண்டியதாலும், வால்வு உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ததாலும், புது பிளக் போட்டதாலும் வந்தது. ராயல் என்ஃபீல்டு 9.5-க்குப் போனபோது இன்ஜினையே மாற்றியது. 2021 கிளாசிக்கில் போர் 72, ஸ்ட்ரோக் 85.8, புஷ்ராடு போய், கேம் ஹெட்டுக்குள் ஏறியது. இத்தனைக்கும் பிறகு கிடைத்தது 20.2 குதிரைத்திறன்.

என் நெடுநாள் குறை வேறு. யாரும் அளப்பதில்லை. அந்த 46 சிசி காகிதத்தில் இருப்பது. மேசைமேல் கிடக்கும் ஹெட் ஏற்கெனவே லேத்தில் முகம் சீவப்பட்டிருக்கலாம். போர் அடித்துப் போட்ட ஓவர்சைஸ் பிஸ்டனின் தலை வேறு உயரத்தில் இருக்கலாம். தொடங்கும் இடமே தெரியாமல் பேக்கிங்கைத் தேர்ந்தெடுப்பது வெறும் ஊகம். பிஸ்டன் தலையின் விளிம்போரம் நான்கு சால்டர் துண்டுகளைக் கிரீஸால் ஒட்டி, ஹெட்டை டார்க் ரெஞ்சில் முறையாக இறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிரித்து, நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் வைத்தால் உண்மையான இடைவெளி தெரிந்துவிடும். இறுக்கிய பிறகு பேக்கிங் எவ்வளவு அமுங்கியது என்பதும் அந்த அளவிலேயே அடங்கிவிடும். ஈயம் நசுங்காமல் வந்தால் அங்கே இடைவெளி ஈயத்தின் தடிமனைவிட அதிகம் என்று மட்டுமே பொருள்; தடித்த துண்டை வைத்து மறுபடி அளக்க வேண்டும். மிச்சமிருக்கும் இடத்தைப் ப்யூரெட்டால் எண்ணெய் ஊற்றி அளக்கலாம். ஒரு மதிய நேரத்தில் முடிகிற வேலை. அதைச் செய்யாமல் வாடிக்கையாளரிடம் ‘9.5 ஆக்கிட்டேன்’ என்று சொல்வதற்குப் பெயர் தொழில் அல்ல.

இன்னொன்று: பேக்கிங் மெலிந்து ஹெட் இறங்கினால் புஷ்ராடு அந்த அளவுக்கு நீளமானது போலாகும். ஹைட்ராலிக் டாப்பெட் ஓரளவு தாங்கும். அதன் எல்லை தாண்டினால் வால்வு முழுதாக உட்காராது. ஏற்றிய கம்ப்ரஷன் அந்த வழியே கசியும்.

ஆக்டேன் வாதமும் நிற்காது. 95 என்பது பெட்ரோலின் குணம், ஜெட் பழையது. இ20-இல் கலந்திருக்கும் எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், சாதாரணப் பெட்ரோலுக்கு அளவெடுத்த கார்புரேட்டரில் கலவை மெலிந்து சூடு ஏறும். சித்திரை வெயிலில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு, கோவளம் தாண்டி எதிர்க்காற்றில் டாப் கியரிலேயே திராட்டிலை முழுக்கத் திருகும்போதுதான் நாக்கிங் வருகிறது. சைலன்ஸரையும் மாற்றியிருப்பதால் அந்த ‘டிக் டிக்’ காதில் விழுவதில்லை. அடுத்து ஹெட்டைத் திறக்கும்போது பிஸ்டன் விளிம்பு கரையான் அரித்தது போல் இருக்கும்.

பட்டறைக்காரரிடம் நான் கேட்பது இரண்டே எண்கள்: எத்தனை சிசி, எத்தனை மில்லிமீட்டர். அவற்றைப் பில்லில் எழுதித் தர முடியாதவர் ஹெட்டில் கை வைக்கக் கூடாது.