உறுதிப் பையும் கச்சேரிக் கட்டும்: வன்னியின் குடும்பத் தாள்களும் ஊர்ப் பதிவுகளும்

வன்னியைப் பற்றி எழுதப்பட்ட பழைய தாள்களில் பெரும்பகுதி வன்னியில் இல்லை. ஹேக், லண்டன், கொழும்பு, யாழ்ப்பாணம் என்று அவை சிதறிக் கிடக்கின்றன. இதற்குப் போரை மட்டும் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் போருக்கு நெடுங்காலம் முன்பே தொடங்கிய கதை இது. 1833இல் வடமாகாணம் அமைந்தபோது நுவரகலாவியாவும் அதற்குள் இருந்தது. 1873இல் அது பிரிந்து வடமத்திய மாகாணமாயிற்று. முல்லைத்தீவு 1978இல்தான் தனி மாவட்டம். கிளிநொச்சியோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பாதி. ஆகவே 1960களில் பரந்தனில் வழங்கப்பட்ட ஒரு காணியின் தொடக்கத்தைத் தேடுபவர் கச்சேரி எனப்படும் யாழ்ப்பாண மாவட்ட அலுவலகத்திலிருந்தே தேடத் தொடங்கவேண்டும். அதே காலத்து ஒட்டுசுட்டானுக்கு வவுனியாவைப் பார்க்கவேண்டும். எல்லை நகரும்போது கோப்புகள் எல்லாம் கூடவே நகர்வதில்லை. வன்னியின் ஊர் வரலாறு எழுத முனைவோர் முதலில் படிக்கவேண்டியது வரலாற்றை அல்ல, எல்லைகள் மாறிய ஒழுங்கை.

காலத்தால் முந்திய பெருந்தொகுதி ஒல்லாந்தருடையது. 1640 முதல் 1796 வரையான கிழக்கிந்தியக் கம்பனியின் இலங்கைப் பதிவுகள் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. கம்பனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. குடாநாட்டுக் காணிகளைத் தோம்பு என்ற பதிவேட்டில் வரிசையாக எழுதிவைத்த ஒல்லாந்தர், வன்னியை அப்படி எழுதவில்லை. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகிய பற்றுகள் அவர்களுக்கு யானை வரும் திசைகள். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டர் ஹென்ட்ரிக் ஸ்வார்டெக்ரூன் தமக்குப்பின் வருவோருக்கு எழுதிவைத்த நினைவுக் குறிப்பை 1911இல் சோபியா பீற்றர்ஸ் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் பற்றுகளின் தலைவர்களான வன்னியர்கள் வருவது பெரும்பாலும் யானைத் திறை செலுத்தியவர்களாகவோ, நிலுவை வைத்தவர்களாகவோதான். நூறாண்டு கழித்து, வன்னியை நேரடியாக ஆளவந்த தோமஸ் நாகல் 1793இல் எழுதிய அறிக்கை இதிலிருந்து வேறுபட்டது. குளம், வயல், குடி, சாதி, காடு என்று உள்ளே நடந்து பார்த்த ஒருவரின் எழுத்து அது. ஆனாலும் எழுதியவர் வரி வாங்க வந்தவர் என்பதை எந்தப் பக்கத்திலும் மறந்துவிடக்கூடாது.

பிரித்தானியர் காலத்தில் தாள் பெருகியது. அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் நாட்குறிப்பு எழுதி மேலிடத்துக்கு அனுப்பவேண்டும் என்பது விதி. எந்தக் குளம் உடைந்தது, எந்த ஊரில் காய்ச்சல், எந்த விதானை (ஊர்த் தலைமைக்காரர்) மீது முறைப்பாடு, எந்தப் பாதையில் வண்டி புதைந்தது என்று அன்றாடம் எழுதப்பட்ட பதிவுகள் இவை. லெனாட் வூல்ப் அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை எழுதிய நாட்குறிப்பு அச்சேறிப் புகழ்பெற்றது. எழுதியவர் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளர் என்பதே அதற்குக் காரணம். வன்னிக்கு அப்படி ஒரு நாட்குறிப்பாளர் வாய்க்கவில்லை. வாய்த்தவர் ஜே. பி. லூயிஸ். அவருடைய வன்னி மாவட்டங்களின் கைநூல் 1895இல் கொழும்பில் வெளிவந்தது. வவுனியாவையும் முல்லைத்தீவையும் பற்றி அதற்குப்பின் எழுதப்பட்ட எதுவும் அதைத் தொடாமல் நகரவில்லை. வரலாறு, குளங்கள், ஊர்ப்பெயர்கள், வழக்கங்கள், குடித்தொகை எல்லாம் ஒரே நூலில் அடங்கிய வசதிதான் அதன் பலம். பலவீனமும் அந்த வசதியே: லூயிஸ் பயன்படுத்திய மூலத் தாள்களைத் தேடிப்போகும் வழக்கம் பின்வந்தவர்களிடம் குறைந்துபோயிற்று.

தமிழில் எழுதப்பட்ட மூலங்கள் வேறு வகை. வையாபாடல், கோணேசர் கல்வெட்டு, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் தொகுத்த யாழ்ப்பாண வைபவமாலை ஆகியவை வன்னியரின் வருகையையும் குடியேற்றத்தையும் சொல்கின்றன. ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டுப் பிற்காலத்தில் அச்சேறியவை இவை, பாடபேதங்கள் ஏராளம். பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இல் வெளியிட்ட வன்னியர் என்ற நூல் இம்மூலங்களைச் சாசனங்களோடும் அயலார் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தது.

அச்சேறாத ஏடுகளும் கொப்பிகளும் கோயில்களோடும் கூத்தோடும் ஒட்டியே வாழ்ந்தன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலை ஒட்டிப் படிக்கப்படும் சிலம்பு கூறல் அப்படிப்பட்டது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்தின் அண்ணாவிமார் தங்கள் மாணவருக்குக் கொடுத்த கொப்பிகளும் அப்படியே. பாட்டுக்கு இடையே நடிகரின் பெயர், ஆடிய ஆண்டு, உடுப்புக்கு ஆன செலவு என்று ஓரத்தில் எழுதும் பழக்கம் கூத்துக் கொப்பிகளுக்கு உண்டு. ஆய்வாளர் பாட்டைப் படியெடுத்து ஓரத்தை விட்டுவிடுவது வழக்கம். ஊர் வரலாறு பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. செ. மெற்றாஸ்மயில் தொகுத்த வன்னிவள நாட்டுப் பாடல்கள், முல்லைமணியின் பண்டாரவன்னியன் நாடகம், அருணா செல்லத்துரையின் வன்னி வரலாற்று எழுத்துகள் ஆகியவை இந்த மண்ணிலிருந்தே வந்த தொகுப்பு முயற்சிகள். பல்கலைக்கழகம் எட்டிப் பார்க்காத இடத்தில் பள்ளி ஆசிரியர்களும் ஒலிபரப்பாளர்களும் செய்த வேலை இது.

தனியார் தாள்கள் என்று வரும்போது, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு வகை ஆவணம் தனித்து நிற்கிறது: கல்வெட்டு. கல்லில் வெட்டியது அல்ல இது. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அந்தியேட்டியை ஒட்டி வீட்டார் அச்சிட்டு உறவினருக்கும் அயலவருக்கும் கொடுக்கும் சிறு புத்தகம். முகப்பில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், கடைசிப் பக்கத்தில் வம்சாவளி. வரலாற்றுப் பகுதியில் புகழ்ச்சி மிகும். அதை நம்பி ஒருவரின் குணத்தை எடைபோட முடியாது. ஆனால் அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்த ஆண்டு எந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தார், எந்தப் பள்ளியில் படிப்பித்தார், பிள்ளைகள் எந்த ஊரில், எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்பவற்றில் கல்வெட்டு பொய் சொல்வது அரிது, ஏனெனில் படிப்பவர்கள் எல்லாரும் சொந்தக்காரர். தீவகத்திலிருந்தும் வடமராட்சியிலிருந்தும் கிளிநொச்சிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் நகர்வை ஒரு நூறு கல்வெட்டுகளின் வம்சாவளிப் பக்கத்திலிருந்தே கோடு கோடாக வரைந்துவிடலாம். மலையகத்திலிருந்து 1958இலும் 1977இலும் கலவரத்தில் அடிபட்டு வந்து வவுனியா, கிளிநொச்சி எல்லைகளில் குடியேறிய குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. கல்வெட்டு அச்சிடக் காசு வேண்டும். அவர்களுடைய தாள்கள் குடியுரிமை விண்ணப்பங்கள், தோட்டத்துப் பதிவுச் சீட்டுகள். அவர்களைக் குடியமர்த்த உழைத்த காந்தீயம் அமைப்போ 1983இல் முடக்கப்பட்டது.

ஊர்ப் பதிவுகளில் அதிகம் கவனிக்கப்படாதவை பள்ளியின் சம்பவத்திரட்டுப் புத்தகமும் சேர்வு இடாப்பும். அதிபர் ஒருவர் இரண்டு வரியில் எழுதிவைத்த “இன்று மழையால் வரவு குறைவு” என்பதற்கும், அடுத்த பக்கத்தில் “பாடசாலை இடம்பெயர்ந்து இயங்குகிறது” என்பதற்கும் இடையில் ஒரு ஊரின் கதை முழுவதும் இருக்கலாம். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகள், கமக்காரர் அமைப்புகளின் கூட்டக் குறிப்புகள், கோயில் பரிபாலன சபைகளின் வரவு செலவுக் கொப்பிகள் ஆகியவையும் இதே இனம். 1963இல் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தபோது, பழைய உடையார், விதானைமாரின் கொப்பிகள் பல வீட்டுத் தாள்களாகவே தங்கிவிட்டன. அரசு ஆவணம் தனியார் தாளாக மாறுவது இப்படித்தான். 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் அரசு அலுவலகங்களின் ஆவணங்களைக் காக்க வழிசெய்தது. விதானையின் மகன் பெட்டியில் வைத்திருக்கும் கொப்பிக்கு அதன் கை எளிதில் எட்டாது.

இழப்பின் கணக்கில் 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் முதலிடம் பெறுகிறது. 97,000 நூல்கள் என்ற எண் எல்லாருக்கும் மனப்பாடம். வன்னியின் இழப்புக்கு அப்படி எண் இல்லை, ஒரே இரவும் இல்லை. 1996, 1998 என்று கிளிநொச்சி போரில் கைமாறிய ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போனது. 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவு நகரத்தின் வீடுகளோடு அலமாரிகளையும் எடுத்துக்கொண்டது. போரின் இறுதியில், 2008, 2009இல் மேற்கிலிருந்து கிழக்காக, முள்ளிவாய்க்கால் வரை நகர்ந்த மக்கள் முதலில் தளபாடத்தை விட்டார்கள், பிறகு பாத்திரத்தை விட்டார்கள். உறுதிப் பையைக் கடைசிவரை விடவில்லை. காணி உறுதி அல்லது பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, இரண்டொரு படங்கள். தங்களை ஆபத்தில் மாட்டக்கூடிய கடிதத்தையும் படத்தையும் எரித்தவர்கள் உண்டு, பதுங்குகுழியில் புதைத்தவர்களும் உண்டு. எதை விட்டார்கள், எதைக் கொண்டுவந்தார்கள் என்ற தெரிவே ஓர் ஆவணத் தேர்வு. சுவடிக் காப்பாளர் செய்யும் வேலையை இங்கே செல் வீச்சுக்கு நடுவில் வீட்டுப் பெண்கள் செய்தார்கள்.

தொலைந்ததை மீட்பதில் காணி உறுதிக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. நொத்தாரிசு எழுதும் உறுதி ஒன்று உரியவருக்குப் போகிறது; ஒரு பிரதி நொத்தாரிசிடம் தங்குகிறது; இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. மூன்றில் ஒன்று தப்பினால் போதும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய பெர்மிட்டுக்கு இந்த வலு இல்லை. அது பிரதேச செயலகத்தின் பேரேட்டை நம்பியே இருக்கிறது. வன்னியின் குடியேற்றக் காணிகளில் பெரும்பகுதி பெர்மிட் காணி என்பதால், இங்கே தாள் தொலைவது என்றால் பலருக்குக் காணியே தொலைவதுபோல. 2016இல் வந்த இரண்டு சட்ட ஏற்பாடுகள் இந்தப் பைகளுக்குப் புதிய தாள்களைச் சேர்த்தன. ஒன்று, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ். மற்றது, காணாமல் போனோர் அலுவலகத்தை நிறுவிய சட்டம். 2017 பெப்ரவரி முதல் காணாமல் போனோரைத் தேடிக் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரின் கையில் இருந்த கோப்புகளில் ஆணைக்குழுக்கள், செஞ்சிலுவைச் சங்கம், பொலிஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி இருக்கும். அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒரு படம் அதன் மேலே.

சேகரிப்பு முயற்சிகளில் முதலில் சொல்லவேண்டியது நூலகம் நிறுவனம். 2005இல் இணைய நூலகமாகத் தொடங்கிய அது இன்று ஈழத்து நூல், இதழ், பத்திரிகை, நினைவு மலர் ஆகியவற்றின் மிகப்பெரிய திறந்த தொகுதி. பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தோடு சேர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுப் புரட்டஸ்தாந்து திருச்சபைப் பதிவுகளையும் எண்ணிமப்படுத்தியது. கல்வெட்டுகளை நூலாக மதித்துச் சேர்த்தது அதன் பெரிய தொண்டு. ஆனால் அச்சுக்கு வந்ததைச் சேர்ப்பதில் காட்டிய வேகம், கையெழுத்துத் தாளைச் சேர்ப்பதில் இயல்பாகவே குறைவு: அச்சுப் பிரதி எங்காவது இன்னொன்று இருக்கும், கொப்பி ஒன்றே ஒன்று. இன்னொரு திசையில் போனது 2012, 2013இல் நடந்த ஹேர்ஸ்டோரிஸ் திட்டம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா உள்ளிட்ட வடக்குத் தெற்கு மாவட்டங்களின் தாய்மார் தம் வாழ்க்கையைக் கடிதமாக, வரைபடமாக, வாழ்க்கை மரச் சித்திரமாக எழுதியும் வரைந்தும் கொடுத்தார்கள். அந்தத் தொகுதி தேசிய சுவடிகள் திணைக்களத்தில் வைக்கப்பட்டது. வன்னிப் பெண்ணின் கையெழுத்து யானைக் கணக்கு இருக்கும் அதே கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இங்கே உதவும். வேல்ஸ் தன் தேசிய நூலகத்தை 1907இல் பெருநகர் ஒன்றில் அல்ல, அபரிஸ்ட்வித் என்ற கடலோரச் சிறுநகரில் நிறுவியது. பண்ணைக் குடும்பங்களும் ஊர்த் தேவாலயங்களும் அங்கும் மாவட்டக் காப்பகங்களிலும் தாள்களை ஒப்படைத்தன. கொடுத்துவிடுவது வேறு, ஒப்படைப்பது வேறு: உரிமை குடும்பத்திடம் இருக்கும், காவல் மட்டும் காப்பகத்திடம். உறுதியைக் கையை விட்டு ஒரு நாளும் விடாத வன்னிக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடே பொருந்தும். படியெடுத்து மூலத்தை அன்றே திருப்பிக் கொடுப்பது இன்னும் பொருந்தும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவின் நூலகம் அதற்கு ஏற்ற இடம்.

பாதுகாப்பில் வன்னிக்கு உரிய தொல்லைகள் கறையான், மாரிக்காலத்து ஈரம், லமினேட். முதல் இரண்டும் பழையவை. ஏட்டுக்கு எண்ணெய் பூசி, பெட்டியைப் பரணில் வைத்துச் சமாளித்த முறைகள் உண்டு. மூன்றாவது போருக்குப் பின்னர் வந்தது. மீண்ட தாளை இனி இழக்கக்கூடாது என்று கடைத்தெருவில் கொடுத்துச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய பிளாஸ்ரிக்கை உரிக்க முயன்றால் எழுத்தும் கூடவே வரும். உறை போதும், ஒட்டவேண்டாம் என்பதைப் பிரதேச செயலக வாசலிலேயே சொல்லிவிடலாம்.

பட்டியலிடும்போது கவனிக்கவேண்டியது இன்னொன்று. தாள்கள் வந்த ஒழுங்கைக் குலைக்காமல் வைப்பது சுவடிக் கலையின் அடிப்படை விதி. உறுதிப் பையில் அந்த ஒழுங்கு ஆண்டு வரிசையில் இருப்பதில்லை. எந்த அலுவலகத்தில் எதை முதலில் கேட்பார்களோ அது மேலே இருக்கும்: அடையாள அட்டைப் பிரதி, குடும்ப அட்டை, கிராம அலுவலரின் கடிதம், அதன்கீழ் முறைப்பாட்டுப் பிரதிகள், அடியில் பழைய உறுதி, எல்லாவற்றுக்கும் கீழே யாரும் ஒருநாளும் கேட்காத கலியாணப் படம்.