முறுக்கு மொட்டும் மைக்கோடும்

ஜென்ஷியன் குடும்பத்துச் செடியை வரைபவரின் கைத்திறன் மொட்டிலேயே தெரிந்துவிடும். விரியாத இதழ்கள் ஒன்றன் விளிம்பை மற்றொன்று மூடியபடி ஒரே பக்கமாக முறுக்கியிருக்கும். முறுக்கு எந்தப் பக்கம் என்று பாராமல் வரைந்த படம், எத்தனை அழகாக இருந்தாலும் தாவரவியலுக்கு உதவாது. எதிரெதிர் இலைகள், அடியில் குழலாக இணைந்த நான்கைந்து இதழ்கள், வாயில் வைத்தால் கடுங்கசப்பு ஆகியவை மற்ற அடையாளங்கள். கசப்பை மட்டும் வரைய முடியாது.

ஆல்ப்ஸ், இமயமலைச் சரிவுகளின் நீலப் பூக்களால் பேர்பெற்ற குடும்பம் இது. தமிழ்நாட்டின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்றான கொல்லிமலைக்கு அந்தக் குளிர் இல்லை; 1,000 மீட்டரைச் சில நூறு மீட்டரே தாண்டும் மலை அது. இந்தக் கிழக்கு மலைகளில் குடும்பத்தின் பேர்சொல்வது கான்ஸ்கோரா போன்ற பொடிச்செடிகள்தான். சமவெளியில் சித்த மருத்துவத்துக்குப் பறிக்கும் வெள்ளறுகும் இதே குடும்பம். நீலகிரிப் புல்வெளியில் இக்குடும்பத்தின் ஊதா எக்ஸாக்கம் கண்ணைப் பறிக்கும்.

தென்னாட்டுச் செடிகளைத் தாவரவியலுக்கு உதவும்படி வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட்டுக்காக அடுத்தடுத்து உழைத்தவர்கள். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த வைட்டின் ‘ஐகோனிஸ்’ நூலில் 2,101 படங்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் ‘கோவிந்தூயா’ என்றே பெயரிட்டார். ஓவியருக்கு இத்தகைய மரியாதை அன்று அபூர்வம்.

கொல்லிமலையையும் உள்ளடக்கிய தமிழ்நாட்டுக் கர்நாட்டிக் பகுதியின் தாவரங்களைத் தொகுத்தவர், திருச்சி தூய வளனார் கல்லூரி ரேபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தின் பாதிரியார் கே. எம். மாத்யூ. அந்தத் தொகுப்பின் படத்தொகுதி 1982இல் வந்தது, வண்ணமில்லாத கோட்டோவியங்கள். வண்ணம் இல்லாதது குறையல்ல, பெரும்பாலும் பலமே. நிறம் கண்ணை இழுத்துக்கொள்ளும். கோடு உறுப்பைக் காட்டும். வெள்ளை இதழின் நுனியில் மட்டும் ஊதா தோய்ந்த எக்ஸாக்கம் பைகலர் முன்னால்தான் கறுப்பு மை தோற்கிறது.

உலர்ந்த மாதிரியின் பூவை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் பிரித்து, உருப்பெருக்கியில் பார்த்து வரைவார்கள். கான்ஸ்கோரா பூவைப் பிளந்தால் நான்கு மகரந்தத்தாள்கள் தெரியும். ஒன்று மட்டும் பெரியது, மற்றவை சிறுத்தவை. முழுச்செடியின் படத்தில் இது புலப்படாது. அதனால்தான் ஓரத்தில் பிளந்த பூவும், சூலகத்தின் குறுக்குவெட்டும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அளவுகோடும் இடம்பெறுகின்றன.