மணிகளும் மரக்கலங்களும்

‘லோட் ஒவ் த ரிங்ஸ்’ கதையில் உள்ளம் பறிகொடுத்த வாசகர் பலர், அதன் முற்கதையாகிய ‘சில்மரில்லியன்’ நூலைக் கையிலெடுத்துச் சில பக்கங்களிலேயே மூடிவிடுகின்றனர். குற்றம் அவர்களுடையதன்று. உலகத் தோற்றத்தை இசையாக விரிக்கும் பாயிரம், தேவர்களின் பெயர்வரிசை, பின்னர் அரசகுலங்களின் வழிமுறை என நூல் நடக்கின்றது. ஒருவருக்கே பல பெயர்கள் வேறு!

ரொல்கீன் இதனை முடித்து வைத்தாரல்லர். 1916 இல் சொம் போர்க்களத்திலிருந்து நோயுற்று மீண்ட இளம் அதிகாரியாக அவர் எழுதத் தொடங்கிய கதைகள், 1973 இல் அவர் மறையும்வரை திருந்திக்கொண்டேயிருந்தன. மகன் கிறிஸ்தோபர் அவற்றைத் தொகுத்து 1977 இல் வெளியிட்டார். பல கதைகள் சுருக்கங்களாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முற்போக்காளர் சிலர் இத்தகைய நூல்களை வாழ்வினின்று தப்பியோடுவோரின் புகலிடமென ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். நூலைப் படியாமலே சொல்லும் தீர்ப்பு அது.

பெயனோர் என்னும் அரசகுமாரன் பெருங் கைவினைஞன். இரு மரங்களின் ஒளியை அடைத்து மூன்று மணிகளைச் செய்கின்றான். மெல்கோரின் சூழ்ச்சியால் மரங்கள் பட்டுப்போகவே, அவற்றை உயிர்ப்பிக்க மணிகளைத் தருமாறு தேவர்கள் வேண்டுகின்றனர். வாழ்வில் ஒருமுறையே செய்யத்தக்கது இது எனக் கூறி மறுக்கின்றான். பின்னர், மணிகளைக் கவர்ந்த மெல்கோரைத் தொடர்ந்து கடல் கடப்பதற்காகத் தெலெரி மக்களிடம் கப்பல் கேட்கின்றான். அவர்கள் கூறும் விடையும் அதுவே: எங்கள் கப்பல்கள் உங்கள் மணிகளைப் போன்றவை, இவற்றை மீண்டும் செய்ய எங்களால் ஆகாது. தன் வாதத்தையே பிறர் வாயிற் கேட்டவன் வாளை உருவுகின்றான். கப்பல் கட்டியோர் துறைமுகத்திலேயே மடிகின்றனர். மறுகரை சேர்ந்ததும் அக்கப்பல்களைக் கொளுத்துகின்றான். அக்கரையிற் காத்து நின்ற தன் இனத்தார் பனிப்பாலையைக் கால்நடையாகக் கடக்க நேர்கின்றது. படைத்தவன் உடைமைக்காரனாக மாறும்போது பிறர் உழைப்பு அவன் கண்ணுக்குப் புலப்படுவதில்லை என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் கற்பனை அரிது.

நூமெனோர் தீவினர் கதையும் கருதத்தக்கது. கடல் கடந்து வந்து முதலில் பயிர்த்தொழில் கற்பித்தோர், பின்னாளில் அதே கரைகளில் ஆண்டைகளாகித் திறை தண்டுகின்றனர். 1892 இல் தென்னாபிரிக்க மண்ணில் பிறந்த ஓர் ஆங்கிலப் பேராசிரியர் எழுதியது இது.

ஆயினும் நமக்கு ஒரு வழக்குண்டு. பின்னைய கதையில் சாம் என்னும் தோட்டக்காரன் இருந்தான். சோறு சமைத்தான், சுமை சுமந்தான். இங்கோ அரசரும் வீரருமே உலவுகின்றனர். அவர்களுக்கு உணவு விளைவித்தவர் எவர்? ஓர்க்குகளின் நிலை இதனினும் கொடிது. சிறைப்பட்டு வதையுண்ட எல்வ் இனத்தாரிலிருந்தே அவர்கள் உருவாக்கப்பட்டனர் என்றும், அச்சத்தாற் பணிசெய்த எசமானை உள்ளூர வெறுத்தனர் என்றும் நூலே கூறுகின்றது. இவ்வளவும் அறிந்த ஆசிரியர், அவர்கள் குவியல் குவியலாக வெட்டுண்ணும்போது ஒரு சொல் இரங்குகின்றாரல்லர்.

புதிதாகப் படிக்கப் புகுவோர் பெயனோர் பற்றிய அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். பெயரகராதி நூலின் இறுதியில் உள்ளது. பாயிரத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.