மூன்றுசுழி ‘ண’வும் மூச்சு விடும் எழுத்து

சிறுவர் நூலின் அட்டைக்கோ தின்பண்ட உறைக்கோ எழுத்துரு கேட்டால், நான் முதலில் சொல்வது ‘பாலூ தம்பி’. மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய பாலூ குடும்பத்தின் தமிழ் உறுப்பினர் இது. தெலுங்கில் தம்முடு, மலையாளத்தில் சேட்டன் என்று உடன்பிறப்புகள் உண்டு.

தமிழைத் தடிமனாக்குவது லேசான காரியமில்லை. ஆங்கில ‘ஓ’வைக் கொழுக்க வைத்தாலும் நடுவில் இடம் மிஞ்சும். நம் மூன்றுசுழி ‘ண’வில் கோடு பருத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகிவிடும். ‘ஞ’, ‘இ’ பாடும் அதேதான். தம்பியில் ‘ண’வைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கோடு குண்டாகவே இருக்கிறது, ஆனால் சுழிக்குள் வெளிச்சம் இருக்கிறது. முனைகள் மழுங்கி உருண்டிருப்பதால் அத்தனை கனத்திலும் முரட்டுத்தனம் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளி தூரத்திலிருந்தே கண்ணில் படுகிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பல பெயர்ப்பலகைகளில் ஆங்கிலம் தடித்து நிற்க, தமிழ் அதன் கீழே ஒல்லியாக ஒதுங்கியிருக்கும். பார்க்கவே மனம் சுருங்கும். தம்பியில் இரண்டு எழுத்தும் ஒரே கோப்பில், ஒரே கனத்தில் வருகின்றன.

முதலில் ஒரே தடிமன்தான் இருந்தது. பின்னால் வந்த ‘பாலூ தம்பி 2’இல் ஐந்து. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம். பத்தி பத்தியான உரைக்கு மட்டும் வேண்டாம், கண் களைத்துவிடும். தலைப்புக்கு வையுங்கள், தாராளமாக.