உறையில் இருந்தவர்கள்

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் கிளாம் ராக் எழுந்தபோது, மேடையேறிய ஆண்கள் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டார்கள். ஜிகினாவும் இறகும் அணிந்தார்கள். ஆண், பெண் என்ற கோடு அழிந்தது என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். எனக்கும் அதில் பங்குண்டு. ஆனால் ராக்ஸி மியூசிக் குழுவின் இசைத்தட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1972 முதல் 1975 வரை வந்த ஐந்து ஆல்பங்களின் முன்னுறையிலும் பெண்கள். குழுவின் நிலையான உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இல்லை. 1973இல் விலகிய பிரையன் ஈனோவின் புகழ்பெற்ற இறகு உடையை வடிவமைத்தவரும் கரோல் மெக்நிக்கோல் என்ற பெண் மண்பாண்டக் கலைஞர்தான்.

இதெல்லாம் பகடி என்பார்கள். பாடகர் பிரையன் ஃபெரி, பாப் ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனிடம் பயின்றவர். விளம்பரப் பெண்ணை விளம்பரமாகவே காட்டுகிறார் என்பது வாதம். பாதி உண்மை. 'ஃபார் யுவர் பிளஷர்' (1973) ஆல்பத்தில், சொகுசு வீட்டில் காற்றடைத்த பொம்மையோடு வாழும் ஆணைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. ஆண் ஆசையின் வெறுமையை அவ்வளவு குரூரமாகச் சொன்ன ராக் பாட்டுகள் குறைவு. ஆனால் அதே ஆல்பத்தின் உறையில் இறுக்கமான கறுப்பு உடையில் சிறுத்தையைப் பிடித்தபடி அமண்டா லியர். மறுபக்கம் கார் ஓட்டுநர் வேடத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார் ஃபெரி. தெரியாமல் செய்தார் என்று எப்படிச் சொல்வது?

1974இல் வந்த 'கன்ட்ரி லைஃப்' உறையில் உள்ளாடையோடு நிற்கிறார்கள் கான்ஸ்டான்ட்ஸே கரோலி, எவலின் குருன்வால்ட் என்னும் இரு ஜெர்மானியப் பெண்கள். ஒரு பாட்டின் ஜெர்மன் வரிகளுக்கு ஃபெரிக்கு உதவியவர்களும் அவர்களே. மொழிபெயர்ப்புக்காகப் பாடல் தாளில் அவர்கள் பெயர் இருக்கிறது, படத்துக்காக இல்லை. மொழி உழைப்பு, உடல் சும்மா கிடைத்தது என்பதுபோல. அமெரிக்காவில் உறை ஆபாசம் என்று பச்சைத் தாளால் மூடி விற்றார்கள்; பிறகு பெண்களை நீக்கிவிட்டு மரங்களை மட்டும் அச்சிட்டார்கள். காட்டியவர்களும் சரி, மறைத்தவர்களும் சரி, பேசியது அந்த உடல்களைப் பற்றி மட்டுமே.

அடுத்தது 'சைரன்' (1975). கிரேக்கக் கதையில் சைரனின் ஆயுதம் அவள் குரல். பாடியே மாலுமிகளைக் கொல்வாள். உறையிலோ, வேல்ஸின் ஆங்கிள்சி கடலோரப் பாறையில் உடலெங்கும் நீலம் பூசித் தவழ்கிறார் ஜெர்ரி ஹால். உள்ளே பாடுவது ஃபெரி. சைரனிடமிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு மிச்சமிருப்பது பாறையும் தோலும். இந்தத் தட்டை நான் பலமுறை ஆசையோடு கேட்டிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆண் மை பூசினால் கலகம். பெண் பூசினால் கடமை. கிளாம் இந்தக் கணக்கை மாற்றவில்லை. பெண்களின் அலங்காரப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மேடையேறியது. குழுவின் கடைசி ஸ்டூடியோ ஆல்பமான 'அவலான்' (1982) உறையில் லூசி ஹெல்மோர் தலைக்கவசம் அணிந்து, கையில் பருந்தோடு நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். முகம்கூட இல்லை.

அமண்டா லியர் 1977இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டார். பெயர் 'ஐ ஆம் எ ஃபோட்டோகிராஃப்', நான் ஒரு புகைப்படம். ராக்ஸியின் நுட்பம் அதில் கிடையாது, வெறும் டிஸ்கோ. ஆனால் குரல் அவருடையது, பெரும்பாலான பாடல்களின் வரிகளும் அவருடையவை.