எட்டயபுரம் வழங்கிய இசைக் களஞ்சியம்

ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கும் தீக்கும் இரையாகிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைத் தேடியெடுத்து அச்சேற்றிய பெருமக்களை நாம் நன்றியுடன் போற்றி வருகிறோம். 1887ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டார்கள். அப்பணியின் பயனை இன்று பள்ளிச் சிறுவனும் துய்க்கின்றான். இலக்கியத்திற்கு வாய்த்த இந்நற்பேறு இசைக்கும் வாய்த்ததா என்று வினவுவோர் அரியர். வாய்த்தது என்பதே விடை. 1904ஆம் ஆண்டில் எட்டயபுரம் வித்தியா விலாசினி அச்சுக்கூடத்தில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூல் அச்சாகி வெளிவந்தது. அதனை ஆக்கியவர் சுப்பராம தீட்சிதர் (1839-1906). அவரும் ஒரு சாகித்திய கர்த்தா. தம் குடும்பம் காத்துவந்த இசைச் செல்வத்தை அவர் உலகிற்குத் திறந்து வைத்ததையும், திறந்து வைத்ததை முறைப்படுத்தி வைத்ததையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓலையினும் நொய்ய பொருள்

ஓலையிலுள்ள செய்யுளில் ஓரடி சிதைந்தால், மற்றொரு சுவடியைக் கொண்டு பதிப்பாசிரியர் அதனை நிரப்பலாம். எதுகையும் மோனையும் அவருக்குத் துணை நிற்கும். பாட்டின் மெட்டுக்கோ அத்தகைய துணை இல்லை. அது பாடுவோரின் மிடற்றிலும் கேட்போரின் செவியிலும் மட்டுமே வாழ்வது. பாடுவோர் மறைந்தால் அதுவும் மறையும்.

நம் மொழியிலேயே இதற்குச் சான்றுகள் பல உள. முத்துத்தாண்டவரின் கீர்த்தனைகள் இன்று நம்மிடம் உள்ளன. ஆயினும் அவற்றிற்கு அவர் அமைத்த மெட்டு எது என்று கூறுவார் இல்லை. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகள் இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. அவற்றுள் பலவற்றை நாம் கேட்பது பிற்கால வித்துவான்கள் அமைத்த இசையில்தான். அருணகிரிநாதரின் திருப்புகழில் சந்தம் சொல்லோடு பின்னிக் கிடந்தமையால் தாள நடை பிழைத்தது. அவர் பாடிய பண் பிழைக்கவில்லை. சொல் அச்சேறியதாலேயே பாட்டும் அச்சேறிவிட்டதாகக் கொள்வது பொருந்தாது என்பதை இம்மூவர் வரலாறும் உணர்த்துகின்றது.

மறைத்தலும் வழங்கலும்

இசையைக் குறிப்பாக எழுதி வெளியிட முன்னோர் ஏன் முன்வரவில்லை? தன்னலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நேர்மையாகாது. பாடாந்தரம் என்பது ஒரு குடும்பத்தின் நிலபுலம் போன்றது. அதனை நம்பியே அரசவை மானியமும் அடுத்த வேளை உணவும் இருந்தன. அன்றியும், தகுதியற்றார் கையிற் சென்றால் பாட்டு உருக்குலையும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சம் முற்றிலும் வெறிதன்று. ஆயினும் காப்பதற்காகப் பூட்டிய பெட்டியின் சாவி, பூட்டியவரோடு தொலைந்துபோனதே பல இடங்களில் நிகழ்ந்தது.

சுப்பராம தீட்சிதரிடம் இருந்த பெட்டி மிகப் பெரியது. முத்துசாமி தீட்சிதர் (1775-1835) தம் இறுதி நாட்களில் எட்டயபுரம் வந்து அங்கேயே மறைந்தார். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் அவ்வூர் அரசவை வித்துவானாக விளங்கினார். பாலுசாமியின் மகள்வயிற்றுப் பேரர் சுப்பராமர். பின்னர் அவராலேயே மகனாகத் தத்தெடுக்கப்பெற்றவர். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளும், வேங்கடமகியின் மரபைச் சார்ந்த இலக்கண நூல்களும் கீதங்களும் இவ்வழியில் அவர் கைக்கு வந்தன.

இப்பெட்டியைத் திறக்கச் செய்தவர் ஒரு வெளியார். சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றியவரும், இலத்தீன் கற்றவரும், கிறித்தவருமான ஏ. எம். சின்னசாமி முதலியார் அவர். நம் கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறியீட்டில் எழுதி அச்சிட வேண்டும் என்னும் பேரவா கொண்டு, 1893ஆம் ஆண்டளவில் அப்பணியைத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டு நடத்தினார். தியாகராசரின் பாட்டுகளுக்காக வாலாசாப்பேட்டைக் கிருஷ்ணசாமி பாகவதரை நாடிய அவர், தீட்சிதரின் பாட்டுகளுக்காகச் சுப்பராமரை நாடினார். குலச்செல்வத்தை வெளியிடச் சுப்பராமர் முதலில் தயங்கினார் என்பர். 1899இல் எட்டயபுரத்தில் நடைபெற்ற முடிசூட்டு விழாவின்போது முதலியார் அரசரிடமே வேண்டிக்கொண்டார். அரசர் இசைந்து ஆதரவளித்தார். நூல் வெளிவருமுன் முதலியார் மறைந்துவிட்டார். பெற்றவன் காணாத பிள்ளையாக அந்நூல் பிறந்தது. சாதியாலும் சமயத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட ஒருவர் இரந்து நின்றதன் பயனே இன்று நாம் கேட்கும் தீட்சித கானம். ஆதலின் கொடுத்தவரைப் போற்றுமிடத்துக் கேட்டவரையும் போற்றுதல் கடனாகும்.

நூலின் அமைதி

ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு பக்கங்கள் கொண்டது இந்நூல். தொடக்கத்தில் எழுபதுக்கு மேற்பட்ட இசைப் பெரியோரின் வாழ்க்கைக் குறிப்புகள் உள்ளன. அதன்பின் எழுபத்திரண்டு இராகாங்க இராகங்கள் நிரலே நிற்கின்றன. அவை ஒவ்வொன்றின் கீழும் அதனைச் சார்ந்த இராகங்கள் இடம்பெறுகின்றன. ஓர் இராகத்திற்கு முதலில் இலக்கணம். அடுத்து ஏற்ற இறக்க முறை. பின்னர் கீதம், கீர்த்தனை முதலியன. முடிவில் ஆசிரியரே இயற்றிய சஞ்சாரி. முத்துசாமி தீட்சிதரின் 229 கீர்த்தனைகள் சுரதாளக் குறிப்புடன் இம்முறையில் அமைந்துள்ளன.

இங்கே இரண்டு சிறப்புகளைச் சுட்ட விரும்புகிறோம். முதலாவது, கமகக் குறிகள். ஏழு சுரங்களையும் தாளத்தையும் எழுதுவதால் மட்டும் நம் இசை எழுத்தில் அடங்கிவிடாது. சுரம் நிற்கும் இடத்தைவிட அது அசையும் வகையே இராகத்திற்கு உயிர். சுப்பராமர் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு குறி வகுத்துச் சுரத்தின்மேல் பொறித்தார். நூல் தெலுங்கில் எழுதப்பெற்றது. ஆயினும் அக்குறிகளின் பெயர்களை நோக்குக: நொக்கு, ரவை, கண்டிப்பு, ஏற்றஜாரு, இறக்கஜாரு, ஒதுக்கல். கம்பிதம், ஸ்புரிதம் என்னும் வடசொற்களுக்கு நடுவே இவை நம் வீட்டுச் சொற்களாக ஒலிக்கின்றன. வீணையின் மெட்டில் விரல் வைத்துக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் எம்மொழியிற் பேசினர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது, ஆசிரியர் தம் படைப்புகளுக்கு அளித்த இடம். சுப்பராமர் வருணங்களும் கீர்த்தனைகளும் இயற்றியவர். தம் பாட்டுகளுக்கென ஒரு தனிப்பகுதி வகுத்துக்கொள்ள அவருக்கு எத்தடையும் இருந்ததில்லை. அவரோ, அந்தந்த இராகத்தின் கீழ், முன்னோர் பாட்டுகளின் வரிசையிலேயே தம் பாட்டையும் வைத்தார். இராகமே தலைப்பு, பாடியவர் பெயர் அதற்கு அடுத்தது. பட்டியலிடும் முறையிலேயே ஒருவரது பண்பு வெளிப்படும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

பட்டியல் என்னும் உரைகல்

பட்டியல் என்றாலே உலர்ந்த வேலை, கணக்கர் வேலை என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. மேலை நாட்டு இசைமேதை மொட்சார்ட் அவ்வாறு எண்ணவில்லை. 1784 முதல் 1791இல் மறையும் வரை, தாம் முடித்த படைப்புகளை நாள் குறித்து, தொடக்கச் சுரங்களுடன் ஒரு கையேட்டில் எழுதி வந்தார். 1862இல் கேஃகல் என்னும் அறிஞர் அவருடைய படைப்புகள் அனைத்தையும் எண்ணிட்டு வரிசைப்படுத்தியபோது அக்கையேடு பெருந்துணையாயிற்று.

நம் நூலுக்கும் அத்தகைய பயன் உண்டு. 1904க்குப் பின்னர் தீட்சிதர் பெயரில் மேலும் பல கீர்த்தனைகள் அச்சேறின. திருப்பாம்புரம் நடராசசுந்தரம் பிள்ளை 1936இல் தம் குருமரபில் வந்த ஐம்பது கீர்த்தனைகளைத் தமிழில் சுரதாளக் குறிப்புடன் வெளியிட்டார். அதனையடுத்து வந்த தொகுப்புகளில் எண்ணிக்கை பின்னும் பெருகிற்று. இவற்றுள் எவை தீட்சிதர் வாக்கு, எவை பிறர் வாக்கு என்னும் வினா எழும்போதெல்லாம் அறிஞர் திரும்பி நோக்குவது எட்டயபுரப் பதிப்பையே. அதில் இல்லாமையால் மட்டும் ஒரு பாட்டுப் போலியாகிவிடாது. ஆனால் நடை, இராக வடிவம், சொல்லாட்சி ஆகியவற்றை ஒப்பிட ஓர் உரைகல் அதனாற் கிடைத்தது.

பொதுவில் வைக்கப்பட்ட நூல் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொள்கிறது. வேங்கடமகியின் வாக்கு என்று சுப்பராமர் தந்த இராக இலக்கணச் சுலோகங்கள் அவருடையன அல்ல, அவர் வழிவந்த முத்து வேங்கடமகியுடையன என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறினர். இக்குறையை எவ்வாறு கண்டனர்? நூல் எல்லார் கைக்கும் எட்டியதாலன்றோ! பெட்டிக்குள் இருந்த பிழை பெட்டிக்குள்ளேயே மூத்திருக்கும்.

எனினும் ஒரு குறையை நாம் சொல்லாதிருத்தல் ஆகாது. பொருநைக்கு வடக்கே, தமிழ் மண்ணில் அச்சான இந்நூலைத் தமிழ் மட்டும் அறிந்த மாணவர் நெடுங்காலம் படிக்க இயலவில்லை. சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் ஐந்து தொகுதிகளாகத் தமிழ்ப் பதிப்பை வெளியிட்ட பின்னரே அத்தடை நீங்கிற்று. பி. இராஜம் ஐயர், டாக்டர் எஸ். இராமநாதன் ஆகியோரின் உழைப்பு அது. வழங்குதல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் செயலன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் எழுத்தில், தன் மொழியில் மீண்டும் வழங்கியாக வேண்டும்.

ஓரூர், இருவேறு விதி

எட்டயபுரம் இன்னொரு பாட்டுடைத் தலைவனையும் நமக்குத் தந்தது. சுப்பிரமணிய பாரதியார் அவ்வூரிற் பிறந்தவர். சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது இரங்கற்பா பாடியவர். பாரதியார் பாடல்களின் உரிமை 1949இல் சென்னை அரசின் உடைமையாகி, பின்னர் மக்களின் பொதுவுடைமையாயிற்று. ஒரு கவிஞனின் சொல் இவ்வாறு நாட்டுக்கே உரியதானது தமிழர் பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி. ஆயினும் அவர் தாமே பாடிய மெட்டுகளின் நிலை என்ன? பல பாட்டுகளின் தலைப்பில் இராகமும் தாளமும் குறித்திருக்கிறார். பெரும்பாலானவற்றுக்குச் சுரக்குறிப்பு இல்லை. ஆகவே நாம் இன்று பாடும் பாரதி, சொல்லால் பாரதி, இசையால் பிறர்.

ஓரூரில் தோன்றிய இருவருள் ஒருவர் மரபின் இசை, குறிப்பு எழுதப்பெற்றதால் நின்றது. மற்றவர் சொல் விடுதலை பெற்றும் இசை காற்றோடு கலந்தது. உரிமையை நீக்கினால் மட்டும் போதாது, வடிவத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேறில்லை.

இப்பாடத்தை நன்குணர்ந்தவர் கோடீசுவர ஐயர் (1870-1940). கவிகுஞ்சர பாரதியின் பேரரான இவர், எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களிலும் முருகன்மீது தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றி, ‘கந்த கானாமுதம்’ என்னும் பெயரில் சுரதாளக் குறிப்புடன் வெளியிட்டார். மேளங்களின் வரிசையே அவருடைய பட்டியலாக அமைந்தது. விவாதி மேளங்களைப் பாடப் பலரும் அஞ்சிய காலத்தில் அவற்றையும் விலக்காமல் வரிசையை நிறைவு செய்தார். திட்டமிட்டு எழுபத்திரண்டையும் நிரப்பும்போது சில இடங்களிற் சொல் இசைக்கு ஏவல் செய்வதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குறிப்போடு அச்சேறியிருந்ததனாலன்றோ, அவர் காலத்துக்குப் பின்னும் எஸ். இராஜம் போன்றோர் அவ்வெழுபத்திரண்டையும் எடுத்துப் பாடிப் பரப்ப முடிந்தது!

நம் கடமை

தாயகம் விட்டு வாழும் நமக்கு இச்செய்தி அயலார் செய்தியன்று. தீட்சிதர் குடும்பமும் ஊர் விட்டு ஊர் சென்ற குடும்பமே. திருவாரூரிலிருந்து சென்னைக்கருகே மணலி, முத்துசாமி தீட்சிதருக்குக் காசி, முடிவில் எட்டயபுரம் என்று அவர்கள் வாழ்வு நடந்தது. சென்ற இடமெல்லாம் அவர்கள் எடுத்துச் சென்ற உடைமை பாட்டே. தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் குடியேறிய நம் குடும்பங்களும் அவ்வாறே சிலவற்றைக் கொண்டுவந்தன. பாட்டி பாடிய நலங்குப் பாட்டு, தாத்தாவின் பஜனைக் குறிப்பேடு, ஊர்க் கோயில் அம்மன்மீது யாரோ ஒரு வாத்தியார் கட்டிய கும்மி: இவற்றுக்கு அச்சும் இல்லை, குறிப்பும் இல்லை. மூன்றாம் தலைமுறை தமிழ் எழுத்தையே தட்டுத் தடுமாறிப் படிக்கும் நாளில், இவை யாருடைய மிடற்றில் வாழும்?

சங்கங்கள் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றன; மலர் வெளியிடுகின்றன. அம்மலரின் பத்துப் பக்கங்களை இதற்கென ஒதுக்கலாகாதா? எந்த வீட்டில் என்ன பாட்டு உள்ளது, எவ்வூரிலிருந்து வந்தது, என்ன மெட்டு, என்ன தாளம் என்று முதலில் ஒரு பட்டியல். பின்னர், சுரம் அறிந்த இளையோர் ஒருவர் உடனிருந்து எழுதிய குறிப்பு. எழுதியதை எவரும் எடுத்துப் பாடலாம் என்ற இசைவு. இவை மூன்றும் இருந்தால் போதும். இதற்கு அரசரும் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா. கேட்டு வாங்கும் ஒரு சின்னசாமி முதலியாரும், கொடுக்கத் துணியும் ஒரு சுப்பராம தீட்சிதரும் ஒவ்வொரு சங்கத்திலும் இருப்பார்களாயின் அதுவே போதுமானது. பாடத் தெரிந்த முதியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்போமாக.